கடந்துபோகும் பருவமா? ஜப்பானிய மகளிர் பள்ளிகளில் 'எஸ்' உறவும் வளரிளம் பெண்களின் முதற்காதலும் (1899–1945)

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜப்பானிய மகளிர் உயர்நிலைப் பள்ளி மாணவியரிடையே நிலவிய நெருக்கமான அன்புறவு 'எஸ்' என்னும் ஒற்றை எழுத்தால் குறிக்கப்பெற்றது. அது திருமணத்துக்கு முன் தோன்றி மறையும் ஒரு பருவநிலை என அக்காலப் பாலியலறிஞரும் கல்வியாளரும் விளக்கினர். பள்ளியும் குடிமைச் சட்டமும் திருமண ஏற்பாடும் வகுத்த ஒரு கால எல்லையே இவ்விளக்கத்தில் 'இயல்பான வளர்ச்சி' என்று பெயர் மாறியது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. யோஷியா நோபுகோவின் எழுத்தும் வாழ்வும், சிறுமியர் இதழ்கள், 1911ஆம் ஆண்டின் இதோயிகாவா நிகழ்வு ஆகியவை முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: 'எஸ்' உறவு, மகளிர் கல்வி, வளரிளம் பருவம், யோஷியா நோபுகோ, பாலியல் அடையாளம், மெய்ஜி – தைஷோ காலம்.

முன்னுரை

வளரிளம் பெண்களின் முதற்காதலை வரலாற்றில் தேடுபவர் முதலில் எதிர்கொள்வது சான்றின்மை. காதலித்த பெண் வளர்ந்து எழுதியவை கிடைக்கின்றன. பெற்றோரும் ஆசிரியரும் மருத்துவரும் எழுதியவை மிகுதியாகவே கிடைக்கின்றன. பதினைந்து வயதில், அவ்வுணர்வு நிகழும்போதே அவள் எழுதியவை அரிது. இப்பொது நிலைக்கு ஜப்பான் ஓரளவு விலக்கு. மெய்ஜி காலத்தின் பிற்பகுதியிலிருந்து அங்கே சிறுமியருக்கென்றே மாத இதழ்கள் வெளிவந்தன. அவற்றில் வாசகியர் மடல்களுக்கும் படைப்புகளுக்கும் தனிப் பக்கங்கள் இருந்தன. ஒரு தலைமுறைப் பெண்கள் தம் உள்ளத்தைச் சொல்ல அங்கேதான் மொழி பயின்றனர்.

இம்மொழி பெரிதும் இன்னொரு பெண்ணை நோக்கியே அமைந்தது. அதனை எவ்வாறு வாசிப்பது என்பதில் இரு போக்குகள் உண்டு. முதலாவது, அதனைக் குற்றமற்ற நட்பு என்றோ பயிற்சிக்காதல் என்றோ கருதி ஒதுக்குவது. இரண்டாவது, இன்றைய அடையாளப் பெயர்களை அப்பெண்கள் அனைவர்க்கும் பின்னோக்கிச் சூட்டுவது. இரண்டாவது போக்கின் நோக்கம் நல்லதாக இருக்கலாம். எனினும் அப்பெண்கள் எழுப்பிய வினாவை முடிப்பதற்கு முன்பே விடையை அவர்கள் கையில் திணிப்பதில் அதுவும் முதற்போக்கையே ஒத்திருக்கிறது. வினா எங்கே, எத்தகைய கட்டுமானத்துக்குள் பிறந்தது என்பதைக் காண்பதே இங்குக் கருதப்படும் வழி.

பள்ளி வகுத்த காலக்கணக்கு

1899இல் ஜப்பானிய அரசு மகளிர் உயர்நிலைப் பள்ளி ஆணையைப் பிறப்பித்தது. மாவட்டந்தோறும் குறைந்தது ஒரு மகளிர் உயர்நிலைப் பள்ளியேனும் அமைய வேண்டுமென்று அது வலியுறுத்தியது. நான்காண்டுப் படிப்பு பொதுவழக்காயிற்று. பின்னர்ப் பல பள்ளிகள் ஐந்தாண்டுப் படிப்புக்கு மாறின. பன்னிரண்டு வயதளவில் நுழைந்த மாணவி பதினாறு, பதினேழு வயதில் வெளியேறினாள். கல்வியின் குறிக்கோள் ஒளிவுமறைவின்றி அறிவிக்கப்பட்டது: 'நல்ல மனைவி, அறிவுள்ள தாய்'. கணக்கும் அறிவியலும் ஆடவர் பள்ளியை நோக்கக் குறைந்திருந்தன. தையலும் மனையியலும் அவ்விடத்தை நிரப்பின.

இதற்கு ஓராண்டு முன்னர், 1898இல் நடைமுறைக்கு வந்த மெய்ஜி குடிமைச் சட்டத்தையும் இங்கே சேர்த்தே வாசிக்க வேண்டும். பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதை 15 என அது வரையறுத்தது. 25 வயதாகும்வரை பெற்றோர் இசைவின்றி அவள் மணம் புரிய இயலாது எனவும் விதித்தது. குடும்பத் தலைவரின் இசைவும் தேவைப்பட்டது. எனவே பள்ளியின் கடைசி ஆண்டும் திருமணச் சந்தையின் முதல் ஆண்டும் ஒன்றாயின. மகனுக்குப் பெண் தேடும் தாய்மார் வகுப்புகளைப் பார்வையிட வருவதும், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவி படிப்பை இடையில் நிறுத்திவிட்டு மணமகளாவதும் அக்காலத்தில் வியப்புக்குரியவை அல்ல. இறுதி வரை படித்து முடிப்பவளைக் கேலி செய்ய 'படிப்பு முடிக்கும் முகம்' என்றொரு தொடரே வழங்கியது. அழகில்லாதவள்தான் பட்டம் வரை போவாள் என்பது அதன் பொருள். சிறிய ஏளனச்சொல்தான், ஆயினும் பள்ளிக்கூடம் எதற்காக இருந்தது என்பதை ஆணையின் வாசகத்தைவிட அது தெளிவாகக் கூறுகிறது.

இவ்விரு கதவுகளுக்கும் இடைப்பட்ட நான்கைந்து ஆண்டுகளே 'ஷோஜோ' எனப்பட்ட சிறுமிப் பருவம். முன்னைய தலைமுறைப் பெண்களுக்கு இத்தகைய இடைவெளி வாய்க்கவில்லை. வேலை இல்லை, மணமும் இல்லை. ஆடவருடன் பழக வாய்ப்பில்லை. ஒத்த வயதுப் பெண்கள் நூற்றுக்கணக்கில் ஒரே கூரையின்கீழ். 'காதல்' என்னும் சொல்லும் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. 'இரோ', 'கொய்' என்னும் பழஞ்சொற்களுக்கு மாறாக, உள்ளங்களின் ஒருமையைச் சுட்டும் 'ரென்ஆய்' என்னும் சொல்லை 1885இல் தொடங்கிய 'ஜோகாகு ஸாஷி' போன்ற இதழ்களும், 1892இல் காதலைப் போற்றி எழுதிய கிதாமுரா தோகோகுவும் பரப்பினர். காதல் உயர்ந்தது என்று படித்த பெண்களுக்கு அதனைப் பயிலக் கிடைத்த ஒரே வெளி பெண்களின் வெளியாகவே இருந்தது.

பெயரும் விளிச்சொல்லும்

இவ்வுறவுக்கு முதலில் ஒரே பெயர் இல்லை. 'ஓமெ', காய்ச்சல் எனப் பொருள்படும் 'ஓநெட்சு', நெருங்கிய தோழமையைக் குறிக்கும் 'கொஷின்யூ' எனப் பள்ளிக்கொரு வழக்கு நிலவியது. பின்னர் 'சிஸ்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான 'எஸ்' பரவலாக வேரூன்றியது. மேல்வகுப்பு மாணவி ஒருத்தியும் கீழ்வகுப்பு மாணவி ஒருத்தியும் இணைவது பொதுமுறை. காலணிப் பெட்டியில் மடல் வைப்பது, ஒரே நிற நாடா அணிவது, அடுத்தவளுக்கு இடமில்லாத இருவர் உறவு என்று உறுதி கொள்வது ஆகியன அதன் சடங்குகள். மடல்களில் மூத்தவள் 'அக்கா' என்றே விளிக்கப்பட்டாள்.

தமிழ் வாசகர்க்கு இவ்விளி சற்றே இடறும். நம் மொழியில் 'அக்கா', 'தங்கை' என்னும் சொற்கள் காதலின் வாயிலை அடைக்கும் சொற்கள். அவ்விளி வந்துவிட்டால் அவ்வெண்ணத்துக்கு இடமில்லை. ஜப்பானிய மாணவியரிடம் அதே வகைச் சொல் வாயிலைத் திறந்தது. திறந்ததோடு, திறந்திருப்பதை வெளியாருக்கு மறைக்கவும் செய்தது என்று கருத இடமுண்டு. மகளின் மடலில் 'அக்கா' என்ற சொல்லைக் காணும் தாய் கலங்கமாட்டாள். சங்க இலக்கியத்துத் தோழியை இங்கு நினைவுகூர்வோர் இருக்கலாம், அவ்வொப்புமை பொருந்தாது. தோழி இன்னொருவர் காதலுக்குத் துணை நிற்பவள். 'எஸ்' உறவில் இருவருமே தலைமக்கள்.

1911: அச்சத்தின் தொடக்கம்

இவ்வுறவைச் சமூகம் இயல்பாக ஏற்றிருந்தது என்ற கருத்துக்கு 1911 ஜூலை ஒரு தடை. டோக்கியோவின் பெயர்பெற்ற அரசு மகளிர் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்றாகப் பயின்று வெளியேறிய இரு இளம்பெண்கள், நீகாதா மாவட்டத்து இதோயிகாவாவுக்கு அருகே கடலில் ஒன்றாக உயிர் நீத்தனர். இருவரும் வசதிமிக்க குடும்பத்தினர். ஏழ்மையோ இழிபெயரோ காரணமாகச் சொல்ல முடியாத இச்சாவு செய்தித்தாள்களைத் திகைக்க வைத்தது. அதுவரை பள்ளி மாணவியரின் விளையாட்டாகக் கண்டும் காணாமலும் விடப்பட்டது, சில வாரங்களில் 'பெண்களிடையிலான காதல்' என்னும் சமூகச் சிக்கலாக இதழ்களின் தலைப்பேறியது.

கவனிக்கத்தக்கது கால ஒழுங்கு. இருவரும் மாணவியர் அல்லர். பள்ளியை விட்டு வெளியேறியவர்கள். உறவு தொடங்கியபோது எழாத கலக்கம், அது முடியவேண்டிய காலத்தில் முடிய மறுத்தபோதே எழுந்தது. இதன் பின் வந்த கட்டுரைகள் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கற்பிக்க முனைந்ததும் இப்பிரிவினையைத்தான்: எவ்வுறவு தானே கடந்துபோகும், எது கடவாது?

இவ்வினாவுக்கு விடையளிக்க ஐரோப்பியப் பாலியலறிவியல் ஆயத்தமாக இருந்தது. கிராஃப்ட்-எபிங்கின் நூல் 1913இல் ஜப்பானிய மொழியில் புதிதாக வெளிவந்தது. 1915இல் ஹபுதோ எய்ஜியும் சவாதா ஜுன்ஜிரோவும் எழுதிய, பிறழ்ந்த பாலுணர்வு பற்றிய நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. பிறவியிலேயே அமைந்த 'உண்மை' நிலை, சூழலால் தோன்றும் 'போலி' நிலை என்னும் பாகுபாடு இவ்வகை எழுத்துகளின் அடித்தளம். பள்ளி மாணவியரில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகையில் அடக்கப்பட்டனர். மணமானால் சரியாகிவிடும் என்பது தீர்ப்பு. இத்தீர்ப்பு எத்தனை வசதியானது என்பதை எண்ணிப் பார்க்கலாம். மணமாகாதிருக்க அப்பெண்களுக்கு வழியே இல்லாத நாட்டில், மணமானபின் உறவு நின்றுவிட்டதை அதன் போலித்தன்மைக்குச் சான்றாகக் காட்டினர். சட்டம் அறுத்ததை இயற்கை உதிர்த்ததாக எழுதினர்.

ராய்ச்சோவின் முன்குறிப்பு

இப்பாகுபாட்டைப் பெண்களே கையாண்ட தருணமும் உண்டு. 1911 செப்டம்பரில் ஹிராட்சுகா ராய்ச்சோ தொடங்கிய 'செய்தோ' பெண்களால் பெண்களுக்காக நடத்தப்பட்ட இலக்கிய இதழ். 1912இல் ஓவியக் குடும்பத்தைச் சேர்ந்த ஒத்தாகே கோகிச்சி என்னும் இளம்பெண் அதில் இணைந்தார். 1893இல் பிறந்த அவர் அப்போது இருபதை எட்டாதவர். ராய்ச்சோவின்மீது அவர் கொண்ட காதல் மறைவானதன்று. இருவருமே அதனைப் பற்றி இதழில் எழுதினர். அவ்வாண்டுக் கோடையில் ஓவியர் ஒகுமுரா ஹிரோஷியை ராய்ச்சோ சந்தித்ததும் இவ்வுறவு தளர்ந்தது.

1914 ஜனவரியில் ராய்ச்சோ ஒகுமுராவுடன் இல்லறம் தொடங்கினார். ஏப்ரல் இதழில் பெண்களிடையிலான காதல் பற்றிய ஹேவ்லாக் எல்லிஸின் ஆய்வு மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. அதற்கு முன்குறிப்பு எழுதிய ராய்ச்சோ, தம்மிடம் நெருங்கியிருந்த ஒரு பெண்ணை நினைவுகூர்ந்து, அவரைப் பிறவியிலேயே அவ்வியல்பு கொண்டவராக அடையாளப்படுத்தினார். தம்மை அவ்வகையில் சேர்க்கவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் இருவர்க்கும் பொதுவாயிருந்த அனுபவம், மருத்துவச் சொல் கிடைத்தவுடன் ஒருத்தியின் இயல்பாகவும் மற்றவளின் கடந்துபோன பருவமாகவும் இரண்டாகப் பிளந்தது. பெண் விடுதலை வரலாற்றில் ராய்ச்சோவின் இடம் ஐயத்துக்கிடமற்றது. அதனாலேயே இம்முன்குறிப்பு நெருடுகிறது. பெயரிடும் உரிமை யாரிடம் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கோகிச்சியும் அதே 1914இல் கைவினைக் கலைஞர் தோமிமோதோ கென்கிச்சியை மணந்துகொண்டார். 'பிறவி இயல்பு' என்ற முத்திரையும் திருமணத்தின்முன் நிற்கவில்லை.

பூக்கதைகளும் மேல்மாடியறையும்

யோஷியா நோபுகோ 1896இல் நீகாதாவில் பிறந்தவர். தோசிகி மகளிர் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். அங்கே உரையாற்ற வந்த நிதோபே இனாஸோ, நல்ல மனைவியாகவும் தாயாகவும் ஆவதற்கு முன் முதலில் மனிதராக ஆகுங்கள் என்னும் கருத்தை மாணவியர் முன் வைத்ததாகவும், அது தம்மை அசைத்ததாகவும் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். பள்ளிப் பருவத்திலேயே சிறுமியர் இதழ்களுக்கு எழுதிப் பரிசு பெற்றவர். அதாவது வாசகியர் பக்கத்திலிருந்து எழுந்த எழுத்தாளர். 1916இல் 'ஷோஜோ கஹோ' இதழில் அவருடைய 'ஹானா மொனொகதாரி' தொடங்கியது. கதைக்கொரு பூவின் பெயர் சூட்டிய இத்தொடர் 1924 வரை நீண்டது. தொடக்கக் கதைகளில் ஏழு சிறுமியர் ஓர் அறையில் கூடி, ஆளுக்கொரு கதை சொல்கின்றனர்.

இக்கதைகள் பெரும்பாலும் பிரிவில் முடிகின்றன. நோய், இறப்பு, இடமாற்றம், திருமணம் எனப் பிரிவுக்குக் காரணங்கள் பல. இதனைக் கொண்டு, யோஷியாவும் இவ்வுறவை நிலையற்ற பருவமாகவே கண்டார் என்போர் உளர். ஆனால் பிரிவு எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பது முதன்மையானது. 'மஞ்சள் ரோஜா' என்னும் கதை தெளிவான சான்று. பள்ளியில் பணியேற்ற இளம் ஆசிரியைக்கும் மாணவிக்கும் இடையே அன்பு வளர்கிறது. அமெரிக்கா சென்று மேற்படிப்புப் படிக்க இருவரும் கனவு காண்கின்றனர். மாணவியின் பெற்றோர் திருமணத்தை முடிவு செய்துவிட்டு, மகளை இணங்கவைக்கும் பொறுப்பை அந்த ஆசிரியையிடமே ஒப்படைக்கின்றனர். அவள் அதனைச் செய்கிறாள். செய்துவிட்டுத் தனியே கடல் கடக்கிறாள். ஆசிரியைக்கும் மாணவிக்கும் இடையிலான அதிகார ஏற்றத்தாழ்வைக் கதை வினவுவதில்லை என்பது இன்றைய வாசிப்பில் உறுத்தவே செய்யும். எனினும் ஒன்றை அது மறைக்கவில்லை: உணர்வு தீர்ந்ததால் உறவு முடியவில்லை, ஆணை வந்ததால் முடிந்தது. கடந்துபோகும் பருவம் என்ற கோட்பாட்டைப் பதின்வயது வாசகியர்க்கு விளங்கும் மொழியில் மறுத்த பகுதி இது.

1920இல் வெளிவந்த 'மேல்மாடியறையின் இரு கன்னியர்' புதினம் பிரிவையே கைவிட்டது. கிறித்தவப் பெண்கள் விடுதியொன்றின் மேல்மாடியில் அடுத்தடுத்த அறைகளில் வாழும் அகிகோவும் அகிட்சுவும் நெருங்குகின்றனர். இறுதியில் விடுதியை விட்டு வெளியேறி, தம் வாழ்வைச் சேர்ந்தே தேடப் புறப்படுகின்றனர். யோஷியா தாமே டோக்கியோவில் இத்தகைய விடுதியில் தங்கியவர். புதினத்தில் நாயகி தன் இயல்புக்குப் பெயர் தேடுவதில்லை. தனக்கென்று ஒரு 'தான்' உண்டு, அதனைப் பிறர் வகுத்த வழியில் செலுத்த இயலாது என்பதையே அவள் கண்டடைகிறாள். பாலியல் அடையாளம் என்னும் இன்றைய கருத்தாக்கத்துக்கு மிக அண்மையில் இவ்விடம் நிற்கிறது. வகைப்பெயர் இன்றியே அது நிற்கிறது என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

இதழ்கள், வாசகியர், வெளியே நின்றோர்

'ஷோஜோ செகாய்' 1906இலும் 'ஷோஜோ நோ தோமோ' 1908இலும் தொடங்கின. நெடுந்தொலைவு ஊர்களின் சிறுமியர் பூக்களின், விண்மீன்களின் பெயர்களைப் புனைபெயராகக் கொண்டு ஒருவர்க்கொருவர் மடல் எழுதினர். இம்மடல்களை நேர்ச்சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் ஆண் ஆசிரியர்கள். இதழின் நடைக்கு ஒத்தவையே அச்சேறின. மென்மையும் கண்ணீரும் மிகுந்த அந்நடை ஒரு பயிற்சியின் விளைவு. ஆயினும் பயின்ற நடையில் சொன்னதால் உணர்வு பொய்யாகிவிடாது. அகத்திணை மரபைக் கற்றவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வரம்பு இதனினும் பெரியது. மகளிர் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றோர் அவ்வயதுப் பெண்களில் சிறுபான்மையினர். அதே ஆண்டுகளில் நூற்பாலை, பட்டாலை விடுதிகளில் அதே வயதுச் சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரவர் அடைபட்டிருந்தனர். அவர்களும் பெண்களோடு மட்டுமே வாழ்ந்தனர். அவர்களுக்கு இதழ் இல்லை, மடல் எழுத ஓய்வும் இல்லை. பாலியல் எழுத்தாளர்கள் மாணவியரின் அன்பை உளம் சார்ந்ததாகவும் ஆலைப் பெண்களின் நெருக்கத்தை உடல் சார்ந்ததாகவும் பிரிக்க முனைந்தது வகுப்புப் பார்வையன்றி வேறில்லை. நம்மிடம் உள்ள முதற்காதலின் வரலாறு, இதழ் வாங்கக் காசிருந்தவர்களின் வரலாறு.

1937–38இல் 'ஷோஜோ நோ தோமோ'வில் வெளிவந்த 'கன்னியரின் துறைமுகம்' இப்பண்பாட்டின் உச்சம். யோகோஹாமாவின் மிஷன் பள்ளியில் புதிதாகச் சேரும் மிச்சிகோவுக்கு மேல்வகுப்பு மாணவியர் இருவரிடமிருந்து மடல் வருவதில் கதை தொடங்குகிறது. கவபாதா யசுனாரி பெயரில் வந்த இத்தொடரின் மூலப்படியை எழுதியவர் நகசாதோ ட்சுனெகோ என்பது அவர்களிடையிலான மடல்களால் பின்னர்த் தெரியவந்தது. படம் வரைந்தவர் நகஹாரா ஜுன்இச்சி; பெரிய கண்களும் மெலிந்த உருவும் கொண்ட அவருடைய சிறுமியர் ஓவியங்கள் காலத்துக்கு ஒவ்வாதவை என்று 1940இல் இதழிலிருந்து நீக்கப்பட்டன. 1938 அக்டோபரிலேயே உள்துறை அமைச்சகம் சிறுவர் இதழ்களைச் சீர்திருத்த நெறிமுறைகள் வகுத்திருந்தது. சிறுமி இனித் தாயாக வேண்டியவள் மட்டுமன்று, போருக்கு உழைக்க வேண்டியவளும்கூட. யோஷியாவும் 1938இல் அரசு திரட்டிய எழுத்தாளர் அணியில் சீனப் போர்முனைக்குச் சென்றுவந்தார். அவரை எதிர்ப்பின் திருவுருவாக மட்டும் வரைவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

குடும்பப் பதிவேட்டில் ஓர் உறவு

1923இல் யோஷியா, டோக்கியோ மகளிர் பள்ளியொன்றின் கணித ஆசிரியையான மொன்மா சியோவைச் சந்தித்தார். இருவரும் வாழ்நாள் முழுவதும் இணைந்தே இருந்தனர். 1928இல் சைபீரியா வழியே ஐரோப்பாவுக்கும் பின் அமெரிக்காவுக்கும் ஒன்றாகப் பயணம் செய்தனர். நாட்டின் மிக உயர்ந்த ஊதியம் பெற்ற எழுத்தாளருள் ஒருவராக யோஷியா விளங்கினார். மொன்மா அவருடைய செயலராகவும் இல்லத் துணையாகவும் அறியப்பட்டார். பள்ளி வாயிலில் முடிந்திருக்க வேண்டிய உறவு ஐம்பது ஆண்டுகள் நீடித்ததற்குப் பொருளியல் தன்னுரிமையே முதற்காரணம் என்பது தெளிவு. பூக்கதைகளைப் படித்து அழுத மாணவியர்க்கு வாய்க்காதது அதுவே.

போருக்குப் பின் 1947இல் குடிமைச் சட்டம் திருத்தப்பட்டது. குடும்பத் தலைவரின் அதிகாரம் நீங்கியது. இருபாலர் கல்வி பரவி, மகளிர் உயர்நிலைப் பள்ளிகளோடு 'எஸ்' என்னும் சொல்லும் வழக்கிழந்தது. இரு பெண்கள் தம் இணைவைப் பதிவு செய்யப் புதிய சட்டத்திலும் இடம் இல்லை. சொத்துரிமையும் உடன் வாழும் உரிமையும் வேண்டுவோர்க்குத் திறந்திருந்த ஒரே வழி தத்தெடுப்பு. தத்தெடுப்பவர் தத்துப் பிள்ளையைவிட மூத்தவராக இருந்தால் போதும். யோஷியா 1896இல் பிறந்தவர், மொன்மா 1899இல். 1957இல் மொன்மா சியோ, யோஷியாவின் மகளாகக் குடும்பப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட்டார். அப்போது தாய்க்கு வயது 61, மகளுக்கு 58.